ஓடையில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மதுரையில் கிருதுமால் நதி என்று பேச்செடுத்தால், "நதியா? அந்தச் சாக்கடையைச் சொல்றீங்களா?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதே ஆட்கள் தங்கள் கிராமத்து ஓடையைப் பற்றிப் பேசும்போது, "அது எப்பவோ செத்துப்போச்சு, மழை பேஞ்சா கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் வெறும் மணல்தான்" என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நினைப்பு இருக்கிறது. தண்ணீர் தெரிந்தால் ஓடை உயிரோடு இருக்கிறது, தெரியாவிட்டால் செத்துவிட்டது என்ற நினைப்பு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். சித்திரை வெயிலிலும் நகருக்குள் நிற்காமல் ஓடுகிற கிருதுமால்தான் நோயில் கிடக்கிறது. தை மாதம் இளைத்து, பங்குனியில் மணலாகிவிடுகிற கிராமத்து ஓடை பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அது எந்த வழியாக, எவ்வளவு நாள் எடுத்து ஓடைக்கு வந்து சேர்ந்தது என்று கேட்க வேண்டும். அதற்கான அடிப்படைகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்குக் கிருதுமாலையே எடுத்துக்கொள்வோம்.

எங்கே தொடங்கி எங்கே போகிறது

மதுரைக்கு மேற்கே பாம்பு படுத்த மாதிரி நீளமாகக் கிடக்கும் குன்றுதான் நாகமலை. அதன் அடிவாரத்தில் துவரிமான் பக்கம் கிருதுமால் தொடங்குகிறது. வைகைக்குத் தெற்கே விராட்டிபத்து, பொன்மேனி, எல்லீஸ் நகர் என்று நகருக்குள் நுழைந்து, கிழக்கே வெளியேறி, தென்கிழக்காகத் திரும்பி, கடைசியில் குண்டாற்றில் சேர்கிறது. குண்டாறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குண்டாறு கடலில் சேரும் இடம் நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தண்ணீர் வளைந்து நெளிந்து போகும் தூரம் அதைவிட அதிகம். அதாவது, ஒரு கிலோமீட்டர் போனால் ஒரு மீட்டர்கூட இறங்காத சரிவு. குற்றாலத்து அருவி மாதிரி பாய்ந்து வரும் தண்ணீர் இல்லை இது. சமவெளி ஓடையின் குணம் முழுக்க இந்தச் சின்னச் சரிவிலிருந்துதான் வருகிறது.

ஓடைக்கு மழைநீரை அனுப்பும் நிலம் முழுவதையும் வடிநிலம் என்கிறோம். நாகமலைச் சரிவில் விழும் துளி, விராட்டிபத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் விழும் துளி, அவனியாபுரம் பக்கத்து வயலில் விழும் துளி என்று எது கடைசியில் கிருதுமாலை நோக்கி நகர்கிறதோ, அது விழுந்த நிலம் வடிநிலத்தில் சேர்த்தி. நம் கண்ணுக்குத் தெரியும் ஓடை, வடிநிலத்தின் மிகத் தாழ்ந்த கோடு. அந்த நிலத்துக்கு என்ன நடந்தாலும் கோட்டில் தெரியும்.

ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

மொட்டைமாடியில் காய்ந்து கிடக்கும் ஒரு மண்தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு செம்புத் தண்ணீரை வேகமாக ஊற்றினால் கொஞ்சம் உடனே விளிம்பு தாண்டி வழிந்துவிடும். மீதி மண்ணுக்குள் இறங்கும். முதலில் அடித்துளையில் ஒன்றும் வராது, மண் நனைந்துகொண்டிருக்கும். சற்று நேரம் கழித்து ஒரு சொட்டு, அப்புறம் இன்னொரு சொட்டு. நீங்கள் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்தாலும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஓடைக்குத் தண்ணீர் வருவதும் இந்த இரண்டு வழியில்தான். தரையின் மேலாக உடனே வழிந்து வருவது மேலோட்டம். மண்ணுக்குள் இறங்கி, மெல்ல நகர்ந்து, ஓடையின் கரையிலும் அடியிலும் கசிந்து வருவது அடியோட்டம். மேலோட்டம் சில மணி நேரத்தில் வந்து சில நாளில் முடிந்துவிடும். அடியோட்டம் வாரக்கணக்கில், நல்ல வடிநிலமாக இருந்தால் மாதக்கணக்கில் வரும். மழை விட்டு மூன்று வாரம் ஆன பிறகும் ஓடையில் கணுக்கால் அளவு தெளிந்த தண்ணீர் ஓடினால், அது ஐப்பசியில் மண்ணுக்குள் போன மழை. மேலோட்டம் செம்மண் நிறத்தில் கலங்கி வரும். அடியோட்டம் தெளிந்திருக்கும், காலை வைத்தால் குளிர்ச்சி தெரியும்.

இப்போது அந்தத் தொட்டி மண்ணின் மேல் ஒரு பாலிதீன் ஷீட்டை விரித்துவிட்டு அதே செம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். மொத்தமும் உடனே வழிந்துவிடும், அடித்துளையில் ஒரு சொட்டு வராது. வயலும் தோப்பும் இருந்த இடத்தில் சிமென்ட் தளமும் தார் ரோடும் வந்தால் வடிநிலத்துக்கு நடப்பது இதுதான். பெய்யும் மழை அதேதான். மதுரை மாவட்டத்துக்கு வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆனால் அது ஓடைக்கு வந்து சேரும் வேகம் மாறிவிடுகிறது. மழை நாளில் வெள்ளம், மற்ற நாளில் வறட்சி. இவற்றை இரண்டு தனிப் பிரச்சினைகளாகப் பேசுகிறோம். உண்மையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மண்ணுக்குள் போயிருக்க வேண்டிய தண்ணீர் போகவில்லை.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் வைகைக்கு வடக்கே செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பந்தல்குடி வாய்க்காலின் பெயர் செய்திகளில் அடிபட்டது. "வாய்க்காலைத் தூர்வாரவில்லை" என்பதுதான் அப்போது எல்லோரும் சொன்ன காரணம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும், சுற்றியுள்ள நிலம் முழுவதும் ஷீட் விரித்த தொட்டியாகிவிட்டால் தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முட்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஓடைக்குத் தண்ணீர் அனுப்பும் நிலம் வடிநிலம், உடனே வழிவது மேலோட்டம், மெல்லக் கசிவது அடியோட்டம். மழை இல்லாத நாளில் ஓடையை நடத்துவது அடியோட்டம்.

ஓடை வாங்கும், கொடுக்கவும் செய்யும்

கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் ஓர் ஆழத்தில் நிற்கும் அல்லவா, அந்த மட்டம் கிணற்றோடு முடிந்துவிடுவதில்லை. சுற்றியுள்ள மண்ணுக்குள்ளும் ஏறத்தாழ அதே ஆழத்தில் எல்லா இடுக்கிலும் தண்ணீர் நிறைந்திருக்கும். அதன் மேல் எல்லைதான் நிலத்தடி நீர்மட்டம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நீர்மட்டம் ஏறி, ஓடையின் தரையைவிட மேலே வந்துவிடும். அப்போது நிலம் ஓடைக்குத் தண்ணீர் கொடுக்கும். கோடையில் நீர்மட்டம் ஓடைத் தரைக்குக் கீழே போய்விடும். அந்தச் சமயத்தில் மேலே எங்கோ பெய்த மழையில் ஓடைக்குத் தண்ணீர் வந்தால், அது ஓடிக்கொண்டே மணலுக்குள் இறங்கும். இப்போது கொடுப்பது ஓடை, வாங்குவது நிலம். ஒரே ஓடை மார்கழியில் வாங்கும், ஆடியில் கொடுக்கும்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதன் மேல் சிதைந்த பாறையும் மண்ணும் கொஞ்சம் கனத்துக்கு இருக்கும். தண்ணீரைச் சேர்த்து வைக்கும் இடம் பெரும்பாலும் இந்த அடுக்குதான். கீழே போகப் போகப் பாறை விரிசல்களில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். வடிநிலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி இந்த அடுக்கு காலியானால், நீர்மட்டம் மழைக்காலத்தில்கூட ஓடைத் தரையைத் தொடாது. அப்போது ஓடை வருடம் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும், வாங்கவே வாங்காது. "முன்னாடி தை மாசம் வரைக்கும் ஓடும், இப்ப மழை விட்ட மறுநாளே நின்னுடுது" என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பல ஊர்களில் முதல் காரணம் இதுதான். மழை குறைந்துவிட்டது என்று வானத்தின் மேல் பழி போடுவதற்கு முன், கிணற்று மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

வருடத்தில் சில மாதம் வறண்டுபோவது நோய் அல்ல என்று இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நேச்சர் ஆய்விதழில் 2021-ல் வந்த ஓர் உலகளாவிய கணக்கின்படி, பூமியில் உள்ள நதிகள், ஓடைகளின் மொத்த நீளத்தில் 51 முதல் 60 சதவீதம் வருடத்தில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுபோகும் வகை. நம் தென்மாவட்டத்து ஓடைகள் இந்தப் பெரும்பான்மையைச் சேர்ந்தவை.

வளைவு எதற்கு

சரிவு குறைவாக இருக்கும் இடத்தில் தண்ணீர் நேராகப் போவதில்லை. ஒரு கல்லோ மரவேரோ ஓட்டத்தை லேசாக ஒதுக்கினால் போதும். ஒதுங்கிய தண்ணீர் எதிர்க்கரையில் மோதி மண்ணை அரிக்கும், வேகம் குறைந்த உள்பக்கத்தில் மணலைப் போடும். வருடக்கணக்கில் இது நடந்து வளைவு பெரிதாகும். வளைவின் வெளிப்பக்கம் மடு விழும், உள்பக்கம் மணல் திட்டு சேரும். ஓடையில் மாடு குளிப்பாட்டியவர்களுக்கு எந்தப் பக்கம் ஆழம் என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

வளைவு தண்ணீரின் வேகத்தைக் குறைக்கிறது. பெருமழையில் தண்ணீர் கரை மீறினால் பக்கத்துத் தாழ்ந்த நிலத்தில் பரவி, வண்டலைப் படியவிட்டு, மெல்ல வடிகிறது. அந்தத் தாழ்ந்த நிலத்தை வெள்ளப்படுகை என்கிறோம். அதுவும் ஓடையைச் சேர்ந்த இடம்தான், என்றோ ஒரு நாள் மட்டும் ஓடை அதைப் பயன்படுத்துகிறது. அங்கே பிளாட் போட்டு விற்றால், வாங்கியவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாகச் சொல்வார். ஓடையை நேராக்கி இருபுறமும் கான்கிரீட் சுவர் வைத்தால் தண்ணீர் அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடும். ஆனால் அடுத்த தெருவுக்கு, அடுத்த ஊருக்கு முன்னைவிடப் பெரிய வெள்ளமாகப் போய்ச் சேரும். அடியிலும் கான்கிரீட் போட்டுவிட்டால் நிலத்துக்கும் ஓடைக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலும் நின்றுவிடும்.

பழைய பெயர், பழைய ஏற்பாடு

கிருதுமால் சின்னதுதான், ஆனால் பெயர் மிகப் பழையது. பாகவத புராணத்தில் திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நின்று நீர் வார்க்கும்போது அவன் கையில் ஒரு சின்ன மீன் வந்து சேர்கிறது. மச்ச அவதாரக் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதே நூல் தென்னாட்டு நதிகளைச் சொல்லும்போது தாமிரபரணிக்கும் காவிரிக்கும் பக்கத்தில் கிருதமாலையை வைக்கிறது. கூடலழகர் கோயிலைச் சுற்றி மாலை போல இந்த ஆறு ஓடியதாக மதுரையில் இன்றும் சொல்வார்கள்.

கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கண்மாய் ஏற்பாடு. வருட மழையில் பெரும்பங்கு மூன்றே மாதத்தில் பெய்துவிடும் நாட்டில், ஓடைத் தண்ணீரை அப்படியே கடலுக்கு விட முடியாது. அதனால் சரிவின் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டுக் கண்மாய் வெட்டினார்கள். வரத்துக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும், மடை வழியாக வயலுக்குப் போகும், நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மதுரைக்கு மேற்கே உள்ள மாடக்குளம் கண்மாய் எவ்வளவு முக்கியமானதாக இருந்தது என்றால், பாண்டியர் கல்வெட்டுகள் நகரத்தையே "மாடக்குளக்கீழ் மதுரை" என்று குறிக்கின்றன. ஊருக்கு முகவரி ஒரு கண்மாய்.

தொட்டி உதாரணத்தில் வைத்துப் பார்த்தால் கண்மாய் என்ன செய்கிறது என்று புரியும். வேகமாக வழிந்தோடும் மேலோட்டத்தைப் பிடித்து நிறுத்தி, மண்ணுக்குள் இறங்க நேரம் கொடுத்து, கீழே இருக்கும் கிணற்றுக்கும் ஓடைக்கும் அடியோட்டமாக மாற்றித் தருகிறது. கண்மாயை மூடிக் கட்டடம் கட்டும்போது பாசனம் போவது மட்டும் கண்ணுக்குத் தெரியும். கீழ் ஓடையின் தை மாதத் தண்ணீரும் அதோடு போய்விடுவது யார் கணக்கிலும் வராது.

1895-ல் முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் வைகைப் படுகைக்கு வந்தது, 1959-ல் வைகை அணை திறந்தது. இன்று கிருதுமாலின் கீழ்ப்பகுதிக் கண்மாய்கள் விரகனூர் மதகணையிலிருந்து திறக்கப்படும் வைகைத் தண்ணீரை எதிர்பார்த்து இருக்கின்றன. தண்ணீர் திறக்கச் சொல்லி விவசாயிகள் கேட்பதும், அரசு ஆணை போட்டுத் திறப்பதும் வழக்கமாகிவிட்டது. சொந்த வடிநிலத்திலிருந்து வரும் ஓட்டம் போதாமல் போனதால் வந்த நிலை இது.

மணலுக்குள் அயிரை

வற்றும் ஓடையில் என்ன உயிர் இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். மதுரைக்காரர்களுக்கு அயிரை மீன் குழம்பு ஒன்றே பதில். விரல் நீளம்கூட இல்லாத, வாயருகே குட்டி மீசை வைத்த மீன் அயிரை. ஓடைத் தரையின் மெல்லிய மணலும் வண்டலும்தான் அதன் வீடு. நிழல் விழுந்தால் சட்டென்று மணலுக்குள் புதைந்துவிடும், கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும். தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் மணல் இல்லாவிட்டால் அயிரை இல்லை. கான்கிரீட் தளத்தில் அதற்கு ஒளிய இடமும் இல்லை, இரை தேட இடமும் இல்லை.

விரால் வேறு மாதிரி. மேலே வந்து நேராகக் காற்றை இழுத்துக்கொள்ளும் உறுப்பு அதற்கு உண்டு. குட்டை சேறாகிற வரை தாக்குப்பிடிக்கும். ஐப்பசியில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான் இன்னும் கெட்டிக்காரப் பிறவி. அதன் குஞ்சுகள் தண்ணீருக்குள்தான் வளரும், சூடான தேங்கிய நீரில் ஏறக்குறைய ஆறு வாரத்தில் வளர்ந்து பறந்துவிடும். நிரந்தரக் குளத்தில் மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்றுவிடும். புதிதாக மழைநீர் தேங்கிய இடத்தில் அந்தப் பயம் குறைவு. அதாவது, வற்றிப்போகும் தண்ணீர்தான் இதற்கு வசதி.

கரையும் சும்மா இல்லை. மருத மரமும் புங்கையும் நொச்சியும் வேரால் மண்ணைப் பிடித்து வைக்கின்றன, நிழல் கொடுத்துத் தண்ணீரைச் சூடாகாமல் காக்கின்றன. கோரையும் நாணலும் மழைநீர் கொண்டுவரும் மண்ணை வடிகட்டுகின்றன. மேலே மணல் காய்ந்து கிடந்தாலும், கையால் தோண்டினால் ஓரடியில் ஈரம், இன்னும் தோண்டினால் ஊற்று சுரக்கும். அந்த ஈர மணல் அடுக்கில் பூச்சிகளின் குஞ்சுகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் கோடையைக் கடத்துகின்றன. அடுத்த மழையில் ஓடை மறுபடி தொடங்குவது அங்கிருந்துதான்.

ஆக, வற்றும் ஓடையின் உயிர்கள் வற்றுவதற்குத் தயாராகவே இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது மணலும் கரை மரமும், மணலுக்கு அடியில் கொஞ்சம் ஈரமும்.

வற்றாத கறுப்புத் தண்ணீர்

இப்போது நகருக்குள் வருவோம். கோடையில் கிருதுமாலில் ஓடுவது அடியோட்டமும் இல்லை, மேலோட்டமும் இல்லை. வீடுகளும் கடைகளும் விடும் கழிவுநீர்.

மீன் மூச்சுவிடுவது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனால். மதுரை வெயிலில், 30 டிகிரி சூட்டில், சுத்தமான தண்ணீரே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். நான்குக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் திணறும். கழிவுநீரை நுண்ணுயிர்கள் தின்னும்போது அந்த ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்ததும் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு நுண்ணுயிர்கள் வேலையைத் தொடர்கின்றன. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. மேலே ஆகாயத்தாமரை மூடிக்கொண்டால் காற்றிலிருந்து ஆக்சிஜன் கலப்பதும் குறைகிறது.

கொஞ்சம் கழிவு என்றால் ஓடும் ஓடை தானே சரிசெய்துகொள்ளும். மணலில் உரசி, கல்லில் மோதி ஓடும்போது காற்று கலக்கும், மணல் இடுக்கில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும். அதற்கு மணலும் வளைவும் வேண்டும், கலந்து நீர்க்க வைக்க நல்ல தண்ணீர் வேண்டும். மூன்றையும் எடுத்துவிட்டு, கழிவை மட்டும் பல மடங்கு கூட்டிவிட்டோம்.

அழகுபடுத்தினால் திரும்பி வருமா

தென்கொரியத் தலைநகர் சோலில் சோங்கேச்சோன் என்ற ஓடையை மூடி, அதன் மேல் சாலையும் மேம்பாலமும் போட்டிருந்தார்கள். 2003-ல் அவற்றை இடித்து, 2005-ல் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரத்து ஓடைகளைப் பற்றிய பேச்சில் எல்லோரும் காட்டும் உதாரணம் இது. நடுநகரில் மக்கள் தண்ணீர் ஓரம் நடக்கிறார்கள், மீனும் பறவையும் வந்தன. அது பெரிய விஷயம்.

ஆனால் அந்த ஓடையும் இயல்பில் மழைக்காலத்தில் பெருகி மற்ற மாதங்களில் இளைத்துப்போகிற வகை. இப்போது வருடம் முழுக்க அங்கே தண்ணீர் தெரிவதற்குக் காரணம், பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்து விடுவது. நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன். வடிநிலம் சரியாகி அடியோட்டம் திரும்பியதால் வந்த ஓட்டம் அல்ல. நம் ஊரில் ஓடைச் சீரமைப்பு என்று கரைச்சுவரும் நடைபாதையும் மின்விளக்கும் வரும்போது இந்த வேறுபாட்டைக் கேட்டாக வேண்டும். தண்ணீருக்கு வழி என்ன? கழிவுநீர் தனிக் குழாயில் போகிறதா? அடித்தளம் மண்ணா, கான்கிரீட்டா?

உங்கள் ஊர் ஓடையை நீங்களே பார்க்க

கடைசி மழை பெய்து மூன்று நான்கு வாரம் கழித்து, தை மாதத்தில் ஒரு காலை ஓடைப் பக்கம் போங்கள். தெளிந்த தண்ணீர் ஓடினால் அடியோட்டம் இருக்கிறது. வறண்டிருந்தால் மணலில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். முழங்கை ஆழத்துக்குள் ஊற்று சுரந்தால் நீர்மட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. சுரக்காவிட்டால் பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தை விசாரியுங்கள். தண்ணீர் கறுத்து ஓடினால், மேலே நடந்து போய் எந்தக் குழாய் முதலில் வந்து சேர்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் காகிதத்தையும் பாருங்கள். வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று எந்தெந்தச் சர்வே எண்கள் இருக்கின்றன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். அந்த எண்களுக்கான புலப்படத்தில் ஓடையின் அகலம் அளவோடு இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடைக்கரையில் நடந்தால், வரைபடத்தில் இருக்கும் வளைவுகளில் எவை இன்னும் நிலத்தில் இருக்கின்றன, எவற்றின் மேல் இப்போது வீடுகள் நிற்கின்றன என்பது தெரிந்துவிடும்.